கயிற்றுக் கட்டிலில் ஒரு மாமா

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “மகனுக்கு வாங்கிக் கொடுத்த ரிமோட் ராக் கிராலர் பாறைமேல் வயிறு தட்டி நின்றது. ஷாக் அப்சார்பரில் இருக்கும் வளையத்தைத் திருகி ஸ்பிரிங்கை இறுக்கினேன். வண்டி உயர்ந்தது. ஆனால் இப்போது சரிவில் குறுக்கே போனாலே கவிழ்கிறது. இறுக்கினால் உறுதி கூடத்தானே வேண்டும்?”

கூடாது சார். அந்த வளையத்துக்கு ஸ்பிரிங்கின் குணத்தை மாற்றுகிற சக்தி கிடையாது. வண்டியின் ஒவ்வொரு மூலையிலும் அரைக் கிலோ உட்கார்ந்திருக்கிறது, ஸ்பிரிங் 25 கிராமுக்கு 1 மி.மீ. அமுங்கும் என்று வைத்துக்கொள்வோம். ஆக, 20 மி.மீ. அமுங்கி நிற்கும். வளையத்தை 5 மி.மீ. கீழே இறக்குகிறீர்கள். அரைக் கிலோ இன்னமும் அரைக் கிலோதானே? ஸ்பிரிங் அதே 20 மி.மீ. அமுங்கி நிற்க, வண்டியின் உடல் மட்டும் 5 மி.மீ. மேலே போகும். (ஷாக்கைச் சாய்த்து மாட்டியிருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும்.) விறைப்பு வேண்டுமானால் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும். நீங்கள் இறுக்கியது உயரத்தைத்தான்.

அந்த உயரம்தான் கவிழ்த்தது. இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே 20 செ.மீ., ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 8 செ.மீ. என்றால் ஏறக்குறைய 51 டிகிரிச் சரிவு வரை வண்டி நிற்கும். ஈர்ப்பு மையம் 10 செ.மீ.க்குப் போனால் 45 டிகிரியிலேயே சாய்ந்துவிடும். இத்தனைக்கும் இது ஸ்பிரிங் அசையவே அசையாது என்று வைத்துப் போட்ட கணக்கு. அசைந்தால் என்ன ஆகும் என்பதில்தான் எனக்கு ருசியே.

கிராமத்து வீட்டில் தொய்ந்துபோன கயிற்றுக் கட்டில் ஒன்று கிடக்கும். அதில் சித்தி, இரண்டு குழந்தைகள், ஒரு வெற்றிலைப் பெட்டி. ஓரமாக வந்து பருத்த மாமா ஒருவர் உட்காருகிறார். அவர் பக்கம் கயிறு தொய்கிறது. சித்தி மாமாவை நோக்கி நழுவுகிறார். சித்தியின் எடையும் அங்கே சேர, இன்னும் தொய்கிறது. குழந்தைகள் உருள்கிறார்கள், கடைசியில் வெற்றிலைப் பெட்டி. சரிவில் குறுக்கே நிற்கும் கிராலரும் இதே கட்டில்தான். கீழ்ப்பக்கச் சக்கரங்களுக்கு எடை கூடுகிறது, அந்த ஸ்பிரிங்குகள் அமுங்குகின்றன. மேல்பக்க ஸ்பிரிங்குகளுக்குப் பாரம் குறைந்ததும், சும்மா இருக்காமல், நீண்டு உடலைக் கீழ்ப்பக்கமாகத் தள்ளுகின்றன. ஈர்ப்பு மையம் இன்னும் பள்ளத்தை நோக்கி நகர்கிறது. நகர்ந்ததால் மறுபடி எடை கூடுகிறது. காசு கொடுத்து வாங்கிய ஸ்பிரிங்கே வண்டியைப் பிடித்துத் தள்ளிவிடுகிறது!

இதற்கு என்ன வழி? எல்லாரையும் கட்டிலிலிருந்து இறக்கித் திண்ணையில் உட்கார வைப்பது. மாமா எவ்வளவு பருத்தாலும் திண்ணை தொய்யாது. கிராலர்காரர்கள் ‘ட்ரூப்’ என்று சொல்லும் அமைப்பு இதுதான். உடலைத் தூக்கிப் பிடிக்கிற ஸ்பிரிங்கைக் கழற்றிவிடுவார்கள், அல்லது மிக மெல்லியதாகப் போடுவார்கள். ஷாக்குகள் முழுக்க அமுங்கிய நிலையிலேயே உடல் தாழ்ந்து உட்கார்ந்திருக்கும். அமுங்க மிச்சமில்லாததால் கீழ்ப்பக்கம் இறங்க வழியில்லை. மேல்பக்கம் தள்ளவும் ஆளில்லை. குழி வந்தால் சக்கரம் மட்டும் தானாகக் கீழே தொங்கித் தரையைத் தொடும். திண்ணையில் இருந்தபடியே காலைத் தொங்கப்போட்டுக்கொள்வது போல.

தொங்குகிற காலுக்கு வலு இல்லை என்பதுதான் இதில் வில்லங்கம். தொங்கும் சக்கரம் தன் சொந்த எடையால் மட்டுமே பாறையை அழுத்தும். பிடிமானம் போதாது. அதனால்தான் அச்சு முனைகளிலும் சக்கரங்களுக்குள்ளும் பித்தளைக் கட்டிகளை மாட்டுகிறார்கள். எடை தாழ்வாகச் சேர்வதால் ஈர்ப்பு மையமும் இறங்கும். விளம்பரங்களில் மினுங்கும் நீளநீளமான வண்ண ஷாக்குகளைவிட ஒரு துண்டுப் பித்தளை அதிகம் சாதிக்கும் என்பது என் கட்சி. பந்தயக் காருக்கு உயிர்நாடியான ஷாக் எண்ணெய்க்கும் நடைவேகத்தில் ஊர்கிற இந்த வண்டியில் அவ்வளவு வேலையில்லை. ஊற்றும்போது பிஸ்டனை மெல்ல மேலும் கீழும் இழுத்துக் காற்றுக்குமிழ் வெளியேறும்வரை காத்திருந்தால் போதும்.

வயிறு தட்டியது என்கிறீர்கள். தட்டியது வயிறுதானா என்று குனிந்து பாருங்கள். பெரும்பாலும் முதலில் மாட்டுவது அச்சின் நடுவில் புடைத்திருக்கும் டிஃபரென்ஷியல் கூடு. உடலை எவ்வளவு உயர்த்தினாலும் அது ஒரு நூல்கூட மேலே வராது. பெரிய டயர் போட வேண்டும், அல்லது சக்கரத்தருகே பல்சக்கரம் வைத்து அச்சையே மேலேற்றும் போர்ட்டல் அச்சு வேண்டும். ஜெர்மனியின் உனிமாக் லாரிகளில் பல காலமாக இருப்பது.

வரலாறும் கேட்பீர்கள். 1987-இல் தமியா வெளியிட்ட கிளாட் பஸ்டர் என்ற ராட்சத டயர் பொம்மையின் அச்சுகளை வைத்துப் பொழுதுபோக்காளர்கள் தாங்களே கிராலர் கட்டினார்கள். பிறகு கம்பெனிகள் விழித்துக்கொண்டன. டிராக்ஸஸின் டி.ஆர்.எக்ஸ்-4, போர்ட்டல் அச்சோடு 2017-இல் வந்தது. இது போதும்.

2023-இல் நிலவில் ஊர்ந்த நம் பிரக்யானுக்கு ஆறு சக்கரம், 26 கிலோ. அதன் ராக்கர்-போகி அமைப்பில் ஸ்பிரிங்கே கிடையாது. வெறும் நெம்புகோல்கள்தான். ஸ்பிரிங்கின் மேல் எனக்கிருக்கும் சந்தேகம் இஸ்ரோவுக்கும் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ள ஆசை.

சரி, இன்று மாலை செய்ய வேண்டியது: வளையத்தைப் பழையபடி தளர்த்துங்கள். ஒரு பலகையில் மெல்லிய ரீப்பரை ஆணியடித்து, கீழ்ப்பக்கச் சக்கரங்கள் அதில் முட்டுமாறு வண்டியைக் குறுக்கே நிறுத்துங்கள். பலகைமேல் செல்போனை வைத்துச் சாய்வு காட்டும் செயலியைத் திறந்து, மெல்ல உயர்த்துங்கள். மேல்பக்கச் சக்கரங்கள் இரண்டும் எழும் டிகிரியைக் குறித்துக்கொண்டு, வளையத்தை ஒவ்வொரு சுற்றாகத் திருகி மறுபடி பாருங்கள். மகனைக் கீழ்ப்பக்கம் கை நீட்டி நிற்கச் சொல்லுங்கள். பத்தில் ஒரு பங்கு அளவுள்ள வண்டி, நிஜ ஜீப் கவிழும் நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரத்திலேயே கவிழ்ந்துவிடும்.