நிலத்தடியில் கிடக்கும் நஞ்சு

கனடாவின் வடக்கே, யெலோநைஃப் நகருக்கு அருகில் 1948 முதல் 2004 வரை ஜயன்ற் தங்கச் சுரங்கம் இயங்கியது. தங்கம் பிரிக்கத் தாதுவை வறுத்தபோது எழுந்த ஆசனிக்குப் புகை, ஆரம்ப ஆண்டுகளில் கட்டுப்பாடின்றி ஊர்மீது படிந்தது. பனியை உருக்கிக் குடித்துவந்த டெனே பூர்வகுடிகளின் பிள்ளை ஒன்று 1951இல் நஞ்சேறி இறந்தது. பெண்கள் பழம் பறித்த நிலமும் பயன்படாமற் போயிற்று.

பின்னர் சேகரிக்கப்பட்ட தூசு, 2 இலட்சத்து 37 ஆயிரம் தொன், இன்றும் சுரங்க அறைகளில் கிடக்கிறது. அழியாத நஞ்சு இது. சுற்றியுள்ள பாறையை உறையவைத்து, நீர் அண்டாமல் காப்பதே திட்டம். முதலில் அதை "என்றென்றைக்குமான" திட்டம் என்றார்கள். அதுவரை யார் காவலிருப்பது? டெனே மக்கள் விடவில்லை. 2013இல் சுற்றாடல் மதிப்பீட்டுச் சபை திட்டத்துக்கு 100 ஆண்டு எல்லையிட்டது. 20 ஆண்டுக்கொருமுறை சுயாதீன மீளாய்வும் வேண்டுமென்றது. 2015 உடன்படிக்கைப்படி அமைந்த மேற்பார்வைச் சபைக்கு டெனே மக்களும் ஓர் உறுப்பினரை நியமிக்கிறார்கள். மிதிவெடி அகற்றிய காணிக்குக் கடதாசியை நம்பித் திரும்பிய நமக்கு, இந்த ஓர் இடத்தின் பெறுமதி விளங்கும்.

நிலத்தின் சீரமைப்பு 2021இல் தொடங்கியது. நீரை மட்டுமல்ல, ஊரவரின் சிறுநீரையும் கால்நகத்தையும்கூடச் சோதிக்கிறார்கள்.