மாடியில் மிளகாய் நாற்று

பெங்களூரின் ஜனவரி இரவுகள் மனிதர்களுக்கு இதம். மிளகாய் விதைக்கு இம்சை. முளைக்க அதற்கு 25 முதல் 30 டிகிரி வெப்பம் வேண்டும். சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள இந்நகரில் அப்போது இரவில் 15, 16 டிகிரிதான். பொறுமையில்லாத மாடித் தோட்டக்காரர்கள் விதைத் தட்டை ஃப்ரிட்ஜ் மேல் வைத்து அடைகாக்கிறார்கள். மார்ச்சில் விதைத்தால் இந்த அவஸ்தை இல்லை.

விதை வாங்குவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய அர்கா மேகனா வீரிய ஒட்டு ரகம். அதன் பழத்து விதை தாயைப் போல விளையாது. அதே நிறுவனத்தின் அர்கா லோஹித்தில், பக்கத்தில் வேறு மிளகாய் இல்லாவிட்டால், விதை எடுத்து வைக்கலாம்.

தென்னை நார்க்கழிவில் அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டால் சுமார் பத்து நாளில் முளை. பாசம் மிகுந்து தண்ணீர் ஊற்றினால் நாற்றழுகல் நோய்தான்: மாலையில் நிமிர்ந்து நின்ற நாற்று, காலையில் அடித்தண்டு அழுகிச் சாய்ந்து கிடக்கும். பிழைத்தவை ஐந்தாறு வாரத்தில் தொட்டிக்குப் போகும்.