பழைய சர்வருக்கு ஒரு பெயர் நீக்கம்

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் பட்டாசு ஆலைகளும் உண்டு, அச்சகங்களும் உண்டு. ஆடிப்பெருக்கை ஒட்டிப் புத்தாண்டுக் காலண்டர் ஆல்பங்கள் வெளிவந்துவிட்டால், டிசம்பர் வரை அச்சகங்களுக்கு ஓய்வில்லை. டிசைன் கோப்புகளைச் சேர்த்துவைக்க, வேறொரு அலுவலகம் கழித்துப்போட்ட சர்வரை ஓர் அச்சகம் வாங்கிப் போட்டால் அது நல்ல சிக்கனம்தான். ஆனால் அந்த சர்வர் முன்பிருந்த இடத்தில் டொமைன் கன்ட்ரோலராக இருந்திருந்தால், பெயரை மாற்றியதுமே புது வேலைக்கு வந்துவிடாது.

பல கம்ப்யூட்டர்கள் உள்ள அலுவலகத்தில் யார் உள்ளே நுழையலாம், யார் எந்தக் கோப்பைத் திறக்கலாம் என்பதை ஒரே இடத்தில் தீர்மானிக்கும் ஏற்பாடுதான் டொமைன். விண்டோஸ் 2000 சர்வரோடு மைக்ரோசாப்ட் கொண்டுவந்த ஆக்டிவ் டைரக்டரி, இந்த ஏற்பாட்டுக்கான பதிவேடு. அதை வைத்திருக்கும் மெஷின்தான் டொமைன் கன்ட்ரோலர். ஊழியர் கணக்குகளும், உருமாற்றப்பட்ட கடவுச்சொற்களும் ‘என்டிடிஎஸ் டாட் டிட்’ என்ற ஒரே கோப்பில் இருக்கும். இரண்டு கன்ட்ரோலர்கள் இருந்தால் இரண்டிலும் அதே பதிவேடு. ஒன்றில் செய்த மாற்றம் மற்றதற்கும் போய்ச்சேரும்.

சிக்கல் இங்கேதான். திருமணமான பெண்ணின் பெயரைப் பிறந்த வீட்டு ரேஷன் கார்டில் நீக்கினால்தான் புகுந்த வீட்டுக் கார்டில் சேர்க்க முடியும். சர்வருக்கும் அப்படி இரண்டு பக்க வேலை உண்டு. விட்டுவந்த டொமைனில் அதன் பெயரை நீக்க வேண்டும். மெஷினுக்குள்ளே பழைய டொமைனின் சுவடுகளையும் நீக்க வேண்டும்.

முறையான வழி எளிது. மெஷின் பழைய நெட்வொர்க்கில் உயிரோடு இருக்கும்போதே, சர்வர் மேனேஜர் வழியாக அதைக் கன்ட்ரோலர் பொறுப்பிலிருந்து இறக்கிவிட்டால் இரு பக்கமும் பெரும்பாலும் சுத்தமாகிவிடும். பலரும் இதைச் செய்யாமல் ஒயரைப் பிடுங்கிவிடுகிறார்கள். அப்போது அங்கே மிஞ்சும் கன்ட்ரோலர், போய்விட்ட சர்வரோடு பேச முயன்று பிழைச்செய்தி எழுதிக்கொண்டே இருக்கும். பெயரைக் கேட்டால் முகவரி சொல்லும் டிஎன்எஸ் பதிவுகளில் பழைய முகவரி தங்கிவிடுவதால், காலையில் லாகின் செய்யும் சில கம்ப்யூட்டர்கள் இல்லாத சர்வரைத் தேடிக் காத்துக்கிடக்கும். விண்டோஸ் சர்வர் 2008 முதல், மிஞ்சிய கன்ட்ரோலரில் அந்த மெஷினின் கணக்கை அழித்தாலே உள்பதிவுகளும் சேர்ந்து போகும். அதற்கு முன் ‘என்டிடிஎஸ்யூடில்’ என்ற கருவியில் வரிவரியாகக் கட்டளை தர வேண்டியிருந்தது. எந்த வழியில் செய்தாலும் டிஎன்எஸ் பதிவுகளைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்வது நல்லது.

இன்னொன்று. ஆக்டிவ் டைரக்டரியில் ஐந்து தனிப்பொறுப்புகள் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு கன்ட்ரோலர்தான் ஒரு பொறுப்பை வகிக்க முடியும். புதுக் கணக்குகளுக்கான அடையாள எண்களைக் கட்டுக்கட்டாகப் பங்கிடும் பொறுப்பு அவற்றில் ஒன்று. பழைய சர்வர் போனபின் அந்தப் பொறுப்பை வேறொரு கன்ட்ரோலர் வலிந்து எடுத்துக்கொண்டால், பழையதை அந்த நெட்வொர்க்கில் மறுபடி செருகவே கூடாது. இரண்டு மெஷின்கள் ஒரே எண்ணை வெவ்வேறு கணக்குகளுக்குக் கொடுத்துவிடக்கூடும்.

வெறுமனே அணைத்துவைத்த கன்ட்ரோலருக்கும் காலக்கெடு உண்டு. அழித்த கணக்கு ஒன்றின் ‘அழிந்தது’ என்ற குறிப்பு வழக்கமாக 180 நாள் பதிவேட்டில் இருக்கும்; பிறகு அதுவும் போய்விடும். காலண்டர் வேலை முடிந்து ஜனவரி நடுவில் அணைத்த கன்ட்ரோலரை ஆடிப்பெருக்குக்கு எழுப்பினால் கெடு தாண்டியிருக்கும். அந்த இடைவெளியில் வேலையை விட்டுப்போனவரின் அழிக்கப்பட்ட கணக்கு, அந்தக் கன்ட்ரோலரின் நினைவில் இன்னும் உயிரோடிருக்கும். அதை எழுப்பாமல், இறந்த சர்வராகவே கணக்கில் கொண்டு பெயரை நீக்குவதே சரி.

வாங்கியவர் பக்கம்? பொறுப்பை வலிந்து நீக்கும் வசதி விண்டோஸில் இருக்கிறது. ஆனாலும் டிஸ்க்கைத் துடைத்து விண்டோஸைப் புதிதாக நிறுவுவதையே நான் பரிந்துரைப்பேன். பழைய டொமைன் விதிகள் சில, டொமைன் போனபிறகும் மெஷினில் ஒட்டிக்கொண்டிருக்கும். முகவரி பங்கிடும் டிஹெச்சிபி சேவை உள்ளே ஓடிக்கொண்டிருந்தால், புது அச்சகத்தின் கம்ப்யூட்டர்களுக்குப் பழைய அலுவலகத்தின் முகவரிகளைக் கொடுத்து நெட்வொர்க்கையே குழப்பிவிடும். டெல்லின் ஐடிராக், ஹெச்பியின் ஐஎல்ஓ போன்ற தொலைநிர்வாகச் சில்லு தனியாக இயங்குவது. விண்டோஸை எத்தனை முறை நிறுவினாலும் அதன் பழைய முகவரியும் கடவுச்சொல்லும் அப்படியே இருக்கும். அதைத் தனியே ரீசெட் செய்ய வேண்டும்.

சர்வரை விற்கும் முதலாளிகளிடம் ஒரு வேண்டுகோள். ‘என்டிடிஎஸ் டாட் டிட்’ என்ற அந்த ஒரு கோப்பு வெளியே போனால் உங்கள் ஊழியர் அத்தனை பேரின் கடவுச்சொற்களையும் உடைத்துப்பார்க்கும் வாய்ப்பு வெளியாள் கைக்குப் போகிறது. விலை பேசும் முன், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைப் பொறுப்பிலிருந்து இறக்கச் சொல்லுங்கள். டிஸ்க்கைத் துடைக்காமல் வாசலைத் தாண்ட விடாதீர்கள்.