கெர்னல் விழும்போது யாரை நம்புறது? க்ராஷ் டம்ப் கோடை ரிவ்யூ பண்றது பத்தி

கோட் ரிவ்யூ பத்தி ஒரு எபிசோட் வேணும்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. பொதுவா பேசினா "பேரு ஒழுங்கா வை, டெஸ்ட் எழுது"ன்னு அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும். அதனால இன்னைக்கு ஒரே ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கலாம். ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட கெர்னல் க்ராஷ் ஆகுற நேரத்துல, மெமரியில் இருந்ததை அப்படியே எடுத்து வைக்கிற கோட். அதுக்குப் பேர் க்ராஷ் டம்ப். அந்தக் கோட்ல ஒருத்தர் மாற்றம் கொண்டு வந்தா, ரிவ்யூ பண்றவங்க என்ன பார்க்கணும்? கெர்னல் பக்கமே போகாதவங்களும் கேட்கலாம். நான் பேசப் போறது லினக்ஸ் பத்தி.

நான் ஓகே சொன்ன பேட்ச்

முதல்ல என் தப்பு. சில வருஷம் முன்னாடி நான் வேலை பார்த்த இடத்துல, ஒரு நெட்வொர்க் கார்டு டிரைவருக்கு சின்ன பேட்ச் வந்தது. கெர்னல் பேனிக் ஆனா, கார்டோட ரெஜிஸ்டர்களைப் படிச்சு மெமரியில் ஒரு இடத்துல எழுதி வைக்கும். பின்னாடி டம்ப்பைத் திறக்கும்போது அதுவும் கூட இருக்கும். நல்ல யோசனைதான். கோட் சுத்தமா இருந்தது.

டெஸ்ட்டும் பண்ணேன். லினக்ஸை விழ வைக்க ஒரு சுலபமான வழி இருக்கு. சிஸ்ரிக்யூ ட்ரிக்கர்னு ஒரு ஃபைல், அதுக்குள்ள 'சி'ங்கிற ஒரு எழுத்தை எழுதினா போதும், கெர்னல் அந்த நொடியே விழுந்திடும். பத்து தடவை விழ வெச்சேன். பத்து தடவையும் டம்ப் அழகா வந்தது. அப்ரூவ் பண்ணிட்டேன்.

ரெண்டு மாசம் கழிச்சு, ஒரு கஸ்டமரோட சர்வர் நடுராத்திரி நிஜமாவே விழுந்தது. டம்ப் வரல. பேனிக் செய்தி வரைக்கும் கன்சோல்ல இருந்தது, அதுக்கப்புறம் மெஷின் அப்படியே நின்னுபோச்சு. யாரோ பவரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணாங்க. மெமரியில் இருந்த தடயம் மொத்தமும் போச்சு. சந்தேகப்பட்டு அந்த பேட்ச்சை எடுத்துட்டு, அடுத்த க்ராஷுக்காகக் காத்திருந்தோம். மூணு வாரம். வாரா வாரம் கஸ்டமர்கிட்ட "காரணம் இன்னும் தெரியல"ன்னு சொன்னது நான்தான். மறுபடி விழுந்தப்போ டம்ப் வந்தது. அதைத் திறந்து பார்த்தா, கெர்னல் விழுந்த இடமே மெமரியைப் பிரிச்சுக் கொடுக்கிற பகுதிதான். நான் ஓகே சொன்ன பேட்ச் என்ன பண்ணுச்சுன்னா, ரெஜிஸ்டரை எழுதி வைக்க அந்தப் பகுதிகிட்டயே புதுசா மெமரி கேட்டது. அங்க ஒரு லாக் பூட்டியபடியே கெர்னல் விழுந்திருக்கு. அதைத் திறக்க வேண்டிய கோட் இனி ஓடாது. எங்க கோட் அந்த லாக்குக்காகக் காத்துக்கிட்டே இருந்தது.

நான் பண்ண பத்து டெஸ்ட்லயும் இது ஏன் தெரியல? 'சி' எழுதி விழ வைக்கும்போது கெர்னல் நல்ல ஆரோக்கியத்தோட விழுது. எல்லா லாக்கும் சரியா இருக்கு, மெமரி சுத்தமா இருக்கு. நிஜ க்ராஷ்ல எதுவும் சரியா இருக்காது. எது கெட்டுப்போச்சுன்னும் அப்போ தெரியாது. அன்னைக்கு ஒண்ணு புரிஞ்சது. இந்த மாதிரி கோடைப் பார்க்கும்போது "இது வேலை செய்யுதா?"ன்னு கேட்டா பத்தாது. ஒவ்வொரு வரிக்கும் "இது எதை நம்பி நிக்குது?"ன்னு கேட்கணும்.

கேடம்ப் எப்படி வேலை செய்யுது

அந்தக் கேள்விக்குள்ள போறதுக்கு முன்னாடி, டம்ப் எப்படி எடுக்கப்படுதுன்னு சுருக்கமா சொல்லிடறேன். பழைய முறைகள்ல, விழுந்துகிட்டு இருக்கிற கெர்னலே தன் மெமரியை டிஸ்க்குக்கோ நெட்வொர்க்குக்கோ எழுதும். எரியுற வீட்டுக்குள்ள நின்னுகிட்டே போட்டோ எடுக்கிற மாதிரி. டிஸ்க் டிரைவரே கெட்டுப்போயிருந்தா, டம்ப் வராதது மட்டுமில்ல, டிஸ்க்ல இருக்கிற நல்ல டேட்டாவும் போகலாம்.

2005-ல லினக்ஸ் 2.6.13 வெளிவந்தப்போ கேடம்ப்ங்கிற முறை கெர்னல்ல சேர்ந்தது. அதே வருஷம் ஒட்டாவாவில் நடந்த லினக்ஸ் மாநாட்டில் விவேக் கோயல், எரிக் பீடர்மேன், ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா மூணு பேரும் இது பத்தி ஒரு கட்டுரை கொடுத்தாங்க. யோசனை இதுதான்: மெஷின் பூட் ஆகும்போதே மெமரியில் ஒரு துண்டை, 256 எம்பி மாதிரி, தனியா ஒதுக்கி வெச்சிடு. அதுக்குள்ள இன்னொரு குட்டி கெர்னலை முன்கூட்டியே ஏத்தி வை. பெரிய கெர்னல் விழுந்தா, பயாஸ் வழியா போகாம நேரா அந்தக் குட்டி கெர்னலுக்குத் தாவு. அது தன் சொந்த டிரைவர்களோட புதுசா எழுந்து, பழைய கெர்னலோட மெமரியை ஒரு ஃபைல் மாதிரி படிச்சு, டிஸ்க்ல சேமிக்கும்.

இதுல எவ்வளவு சந்தேக புத்தி இருக்குன்னு பாருங்க. ஒதுக்கின துண்டைப் பழைய கெர்னல் தொடவே கூடாது. சில இடங்கள்ல அதை எழுத முடியாதபடி பூட்டியும் வைப்பாங்க. தாவுறதுக்கு நடுவுல பர்கேட்டரின்னு ஒரு சின்ன கோட் ஓடும். ஏத்தி வெச்ச கெர்னலோட எஸ்ஹெச்ஏ-256 கணக்கு இன்னும் பொருந்துதான்னு அது சரிபார்க்கும். தானே வெச்ச கெர்னலைக்கூட அது கண்ணை மூடிக்கிட்டு நம்புறதில்ல. ரிவ்யூ பண்றவங்களுக்கும் அதே புத்திதான் வேணும்.

என் கதையில் ஒரு விவரம் சேர்த்துக்கறேன். சாதாரணமா குட்டி கெர்னலுக்குத் தாவுற வேலைதான் முதல்ல நடக்கும், டிரைவர்கள் பதிவு பண்ணி வெச்ச பேனிக் கோட் ஓடவே ஓடாது. வரிசையை மாத்தி, அவங்க கோடை முதல்ல ஓட வைக்க ஒரு பூட் ஆப்ஷன் இருக்கு. நாங்க அதைப் போட்டிருந்தோம். அதாவது, நம்பகமான பாதைக்கு முன்னாடி நம்ப முடியாத ஒண்ணை நாங்களே கொண்டு போய் நிறுத்தியிருந்தோம்.

ரிவ்யூவில் நான் கேட்கிற நாலு கேள்வி

முதல் கேள்வி: இந்த மெமரி எப்போ வாங்கினது? க்ராஷ் ஆன பிறகு மெமரி கேட்கிற வரி இருந்தா, அங்கயே நிறுத்தி வைப்பேன். தேவையான இடத்தை எல்லாம் நல்லா இருக்கும்போதே வாங்கி வெச்சுக்கணும். வீட்ல தீப்பிடிச்ச பிறகு பக்கெட் வாங்கக் கடைக்குப் போக முடியாது.

ரெண்டாவது கேள்வி: எந்த லாக்கைத் தொடுது? இதுக்கு நல்ல உதாரணம் 2022-ல வந்த ஒரு மாற்றம். குட்டி கெர்னலுக்குத் தாவுற ஃபங்ஷன் அதுக்கு முன்னாடி ஒரு மியூடெக்ஸைப் பயன்படுத்தியது. காத்திருக்காம "கிடைச்சா எடுத்துக்கோ, இல்லைன்னா விடு"ங்கிற வகை. பார்க்க ஆபத்து இல்லாத மாதிரிதான் இருக்கு. ஆனா என்எம்ஐன்னு ஒண்ணு இருக்கு, எதையும் குறுக்கிட்டு ஓடுற இன்டரப்ட். பேனிக் அதுக்குள்ள இருந்து வந்தா? ரியல்டைம் கெர்னல்ல, டீபக் ஆப்ஷன் போட்டிருந்தா, அந்த இடத்துல மியூடெக்ஸ் கேட்கிறதே தப்புன்னு ஒரு எச்சரிக்கையைப் போட்டுட்டு "கிடைக்கல"ன்னு திரும்பிடும். விளைவு, டம்ப்பே வராது. எடுத்த மியூடெக்ஸைத் திரும்பக் கொடுக்கிற கோடும் உள்ளுக்குள்ள வேற ஒரு லாக் கேட்கலாம். கடைசியில் மியூடெக்ஸைத் தூக்கிட்டு ஒரே ஒரு அட்டாமிக் எண்ணை வெச்சாங்க. சில வரி மாற்றம்தான், ஆனா டம்ப் வருமா வராதாங்கிறது அதுலதான் இருந்தது.

மூணாவது கேள்வி: இந்த மெமரியில் வேற யார் எழுதிக்கிட்டு இருக்காங்க? நிறைய பேர் மறக்கிறது இதை. ப்ராசசர் நின்னாலும் கார்டுகள் நிக்காது. நெட்வொர்க் கார்டுக்கு "பாக்கெட் வந்தா இந்த அட்ரஸ்ல போடு"ன்னு முன்னாடியே சொல்லி வெச்சிருப்போம். கெர்னல் செத்த பிறகும் அது தன் பாட்டுக்குப் போட்டுக்கிட்டே இருக்கும். இதுதான் டிஎம்ஏ. தனியா ஒதுக்கின துண்டுக்கு இந்தப் பயம் இல்ல, ஏன்னா அந்த அட்ரஸை யாருக்கும் கொடுத்ததே இல்ல.

ஆனா க்ராஷே ஆகாத மெஷின்ல அந்த 256 எம்பி சும்மாவே கிடக்குதேன்னு ஒரு வருத்தம் எல்லாருக்கும் இருந்தது. அதைச் சாதாரண நாள்ல ப்ரோக்ராம்களுக்குக் கொடுத்து, க்ராஷ் ஆனா எடுத்துக்கலாம்னு 2023 கடைசியில் ஒரு பேட்ச் வரிசை வந்தது. சிஎம்ஏங்கிற மெமரிப் பகுதியைப் பயன்படுத்துறது. உடனே வர வேண்டிய கேள்வி: அந்த இடத்துக்கு ஒரு கார்டு அப்போ டேட்டா அனுப்பிக்கிட்டு இருந்தா? குட்டி கெர்னல் எழுந்திருக்கும்போதே அது மேல குப்பை விழுமே? ரொம்ப நாள் பிடிச்சு வைக்கிற டிஎம்ஏ பக்கங்களை கெர்னல் முன்னாடியே சிஎம்ஏ பகுதியை விட்டு நகர்த்திடுது. மிச்சம் இருக்கிறது சின்னச் சின்ன வேலைகள். அதுக்காக, தாவுறதுக்கு முன்னாடி 10 விநாடி சும்மா காத்திருக்கிற மாதிரி வெச்சாங்க. அந்தப் பகுதியில் இருந்த ப்ரோக்ராம்களோட டேட்டா டம்ப்ல வராதுன்னும் வெளிப்படையா எழுதி வெச்சாங்க. இது 2025-ல 6.17 கெர்னல்ல சேர்ந்தது. யோசனையில் இருந்து சேர்றதுக்குக் கிட்டத்தட்ட ரெண்டு வருஷம். ரிவ்யூ ஏன் இவ்வளவு இழுக்குதுன்னு கோபம் வரும்போது இதை நினைச்சுக்கோங்க.

நாலாவது கேள்வி: படிக்கிறதால என்ன ஆகும், படிச்சது எங்க போகும்? "சும்மா படிக்கத்தானே செய்யுது"ன்னு நினைப்போம். வர்ச்சுவல் மெஷின்ல மெமரியைத் தேவைக்கு ஏத்த மாதிரி கூட்டிக் குறைக்கிற வர்ட்டியோ-மெம்னு ஒண்ணு இருக்கு. அதுல திருப்பிக் கொடுத்துட்ட பகுதியை டம்ப் எடுக்கும்போது தெரியாம படிச்சா, கீழ இருக்கிற ஹோஸ்ட் மெஷின் அதுக்காகப் புதுசா மெமரியை எடுத்துக் கொடுத்திடலாம். 2021-ல இதைச் சரி பண்ண, "இந்தப் பக்கத்துல நிஜமாவே மெமரி இருக்கா?"ன்னு டிரைவரைக் கேட்டுட்டுப் படிக்கிற வழியைச் சேர்த்தாங்க.

இன்னொரு பக்கம் ரகசியம். டம்ப்ல பாஸ்வேர்டு, சாவிகள், உங்க மெசேஜ் எல்லாமே இருக்கலாம். மேக்டம்ப்ஃபைல்ங்கிற கருவி ப்ரோக்ராம்களோட பக்கங்களை விலக்கிட்டு எழுத வழி கொடுக்குது. ஆனா கெர்னலே வெச்சிருக்கிற ரகசியம் உள்ளேயேதான் இருக்கும். 2023-ல மைக்ரோசாஃப்ட் கிளவுட்ல இருந்த அமெரிக்க அரசு மெயில்களை ஒரு குழு படிச்சது வெளிய வந்தது. கையெழுத்துச் சாவி ஒண்ணு அவங்க கையில் இருந்திருக்கு. 2021 ஏப்ரல்ல எடுத்த ஒரு க்ராஷ் டம்ப்ல அந்தச் சாவி தவறுதலா வந்து, டீபக் பண்ற இடத்துக்குப் போயிருக்கலாம்னு மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பர்ல எழுதுச்சு. 2024 மார்ச்ல அதையே திருத்தி, சாவி இருக்கிற டம்ப் எதையும் தாங்க கண்டுபிடிக்கலன்னு சொன்னாங்க. காரணம் அதுவா இல்லையாங்கிறது ஒரு பக்கம் இருக்கட்டும். அவ்வளவு பெரிய நிறுவனம் முதல்ல சந்தேகப்பட்டதே ஒரு டம்ப் ஃபைல் மேல. அதனால ஒரு பேட்ச் டம்ப்ல புதுசா எதையாவது சேர்த்தா, அது யார் கைக்குப் போகும்னும் கேளுங்க.

டெஸ்ட் எப்படி?

அப்போ 'சி' டெஸ்ட் வேண்டாமா? வேணும், அது ஆரம்பம். அதுக்கு மேல, எல்கேடிடிஎம்னு ஒரு மாட்யூல் 2006-ல இருந்தே இருக்கு. அது உருவானதே டம்ப்பைச் சோதிக்கத்தான். இன்டரப்ட் ஓடுற நடுவுல, டிஸ்க்குக்கு வேலை அனுப்புற நடுவுலன்னு இசகுபிசகான இடங்கள்ல கெர்னலை விழ வைக்கும். நான் அன்னைக்கு இதை ஓட்டியிருந்தா எங்க பிரச்சினை கட்டாயம் பிடிபட்டிருக்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா "எந்த நிலைமையில் விழுது?"ங்கிற கேள்வியாவது எனக்கு வந்திருக்கும்.

உங்கள்ல நிறைய பேர் கெர்னல் எழுதப் போறதில்ல. ஆனா பேமென்ட் ஃபெயில் ஆனா ஓடுற கோட், பேக்கப்பைத் திருப்பி எடுக்கிற ஸ்க்ரிப்ட், சர்வர் படுத்தா நடுராத்திரி உங்களை எழுப்புற அலர்ட்னு ஏதாவது ஒண்ணு உங்க டீம்லயும் இருக்கும். எல்லாம் நல்லா இருக்கும்போது ஓடாத கோட் அது. அடுத்த தடவை அதுல ஒரு மாற்றம் ரிவ்யூவுக்கு வந்தா, அந்த அலர்ட் எந்த சர்வர்ல ஓடுதுன்னு முதல்ல பாருங்க. படுத்த சர்வர்லயே ஓடிக்கிட்டு இருந்தா, நான் பண்ண தப்புதான் அது.

உங்க கேள்விகளை எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.