காட்டில் வழி தவறியவர் எத்தனை நாள் உயிரோடிருப்பார்?

பென்னாகரம் பக்கத்தில் காட்டோரச் சிற்றூர் ஒன்று. மாலை மங்கிவிட்டது. ஆடு ஓட்டிப் போன பெண் இன்னும் வீடு திரும்பவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஆடுகள் மட்டும் பட்டிக்கு வந்து சேர்ந்துவிட்டன. தாய் வாசலுக்கும் தெருவுக்குமாக நடக்கிறாள். தந்தையும் அண்ணனும் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு புறப்படுகிறார்கள்.

இதற்குள் டீக்கடையில் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறார்கள். "தண்ணீர் இல்லாவிட்டால் மூன்று நாள்தான்" என்கிறார் ஒருவர். "மூன்று நாள் எங்கே? யானை நடமாடும் இடம். இன்றிரவே கதை முடிந்துவிடும்" என்கிறார் மற்றொருவர். "காடாவது, தேடுவதாவது! அவள் பஸ் ஏறிப் போயிருப்பாள்" என்கிறார் மூன்றாமவர். முன்பெல்லாம் இந்தப் பேச்சு கடையோடு நின்றது. இப்போதோ கைப்பேசி வழியே சில நிமிடங்களில் பத்து ஊருக்குப் போய்விடுகிறது. அதைக் கேட்கக் கூடாத தாயின் காதுக்கும் போய்விடுகிறது.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டோ என்பார்கள். மூட முடியாவிட்டாலும், அந்த வாய் சொல்லும் கணக்கு சரிதானா என்று பார்க்க நம்மால் முடியும் அல்லவா? மாணவியரே, அதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

மூன்றின் கணக்கு

உலகெங்கும் மலையேறுவோருக்குக் கற்றுத் தரும் எளிய விதி ஒன்று உண்டு. மனிதன் காற்றின்றி 3 நிமிடமும், கடுங்குளிரில் பாதுகாப்பின்றி 3 மணி நேரமும், நீரின்றி 3 நாளும், உணவின்றி 3 வாரமும் தாங்குவான் என்பது அவ்விதி. டீக்கடைக் கணக்கு இதிலிருந்து பிறந்ததே.

ஆனால் இவ்விதி எதற்காக ஏற்பட்டது? வழி தவறியவர் முதலில் எதைக் கவனிக்க வேண்டும், பிறகு எதைக் கவனிக்க வேண்டும் என்று வரிசைப்படுத்துவதற்காகவே ஏற்பட்டது. முதலில் உடற்சூட்டைக் காத்துக்கொள், அடுத்து நீரைத் தேடு, உணவைப் பற்றி இப்போது கவலைப்படாதே என்பதே அதன் பொருள். காட்டுக்குள் இருப்பவருக்குச் சொன்ன அறிவுரையை, வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் அவருக்கு வைத்த கெடுவாக மாற்றிவிட்டார்கள்.

நீரை எடுத்துக்கொள்வோம். நம் உடல் எடையில் பாதிக்கு மேல் நீர்தான். வியர்வை, மூச்சு, சிறுநீர் ஆகிய வழிகளில் அது நாள்தோறும் குறைகிறது. பங்குனி, சித்திரை வெயிலில் பதறி ஓடுகிறவர் ஒரே மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை வியர்வையாக இழக்கக்கூடும். அவருக்கு மூன்று நாள் என்பது மிக நீண்ட காலம். ஒரே நாளில்கூட உயிருக்கு ஆபத்து நேரலாம். மரநிழலில் அசையாமல் அமர்ந்திருப்பவரின் இழப்போ மிகக் குறைவு. அவர் மூன்று நாளைத் தாண்டியும் இருக்கக்கூடும். ஓடையோ பாறைச் சுனையோ அருகிலிருந்தால் இந்தக் கணக்கே மாறிவிடுகிறது.

குளிரும் அப்படித்தான். நம் உடலின் இயல்பான சூடு ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். அது 35-க்குக் கீழே இறங்கினால் நடுக்கமும், தடுமாற்றமும், அறிவுக் குழப்பமும் வருகின்றன. இதற்குப் பனிமலைதான் வேண்டும் என்பதில்லை. வத்தல்மலையிலும் சித்தேரியிலும் மார்கழி மாதத்து இரவில் நனைந்த துணியோடு காற்றில் நிற்பவர் உடற்சூட்டை வேகமாக இழப்பார். அதே இரவில் காய்ந்த சருகுகளைப் பரப்பி, பாறையிடுக்கில் ஒடுங்கி உட்கார்ந்தவர் விடியும்வரை தாங்கிவிடுவார்.

உணவைப் பற்றிய அச்சமே நமக்கு அதிகம். உண்மையில் அதற்குத்தான் கடைசி இடம். சென்னை மாகாணத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிடக் கோரி, 1956-இல் விருதுநகரில் உண்ணாநோன்பிருந்த சங்கரலிங்கனார் இரண்டு மாதங்களுக்கு மேல் உயிரோடிருந்தார். அவர் அப்போது முதியவர். "பசியிலேயே செத்திருப்பாள்" என்று நான்காம் நாளே பேசுவது அறிவியலன்று.

ஆக, எத்தனை நாள் என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. வெயிலா நிழலா, ஈரமா உலர்வா, காயமுண்டா, நீருண்டா, அமர்ந்திருக்கிறாரா அலைகிறாரா, இத்தனையும் தெரிந்தால்தான் விடை சொல்ல முடியும். தொலைவில் இருப்பவருக்கு இவற்றில் ஒன்றுகூடத் தெரியாது.

பாலக்காட்டு மலையில்

நமக்குப் பக்கத்து மாநிலத்தில் நடந்த நிகழ்ச்சி ஒன்றைப் பார்ப்போம். 2022 பிப்ரவரி 7-ஆம் நாள், கேரளத்தில் பாலக்காட்டை அடுத்த மலம்புழாவில், 23 வயது இளைஞர் ஒருவர் நண்பர்களோடு மலையேறினார். திரும்பும்போது கால் தவறிச் செங்குத்தான பாறையின் பிளவு ஒன்றில் சிக்கிக்கொண்டார். மேலே ஏறவும் வழியில்லை. கீழே இறங்கவும் வழியில்லை. காலில் காயம். உணவுமில்லை, நீருமில்லை. கடலோரக் காவல் படையின் ஹெலிகாப்டர் வந்தும் பாறையை நெருங்க முடியவில்லை.

தொலைக்காட்சியில் நாடே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு பகலின் வெயிலும் இரண்டு இரவின் குளிரும் கடந்தன. நம் நீலகிரியிலுள்ள வெலிங்டனிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் இராணுவ வீரர்கள் வந்து சேர்ந்தார்கள். 9-ஆம் நாள் காலையில் வீரர் ஒருவர் கயிற்றில் இறங்கி, முதலில் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். பிறகு இருவரும் மேலே இழுக்கப்பட்டார்கள். ஏறத்தாழ 45 மணி நேரம் அந்த இளைஞர் நீரின்றித் தாங்கியிருந்தார்.

அவரைக் காத்தவை எவை? பதறிக் குதிக்காமல் பாறைப் பிளவிலேயே ஒண்டியிருந்தது ஒன்று. தாம் இருக்கும் இடத்தைக் கைப்பேசியில் தெரிவித்தது மற்றொன்று. தேடுகிறவர்களுக்கு இடம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது எனலாம்.

நமக்கு நன்கு தெரிந்த யானைப் பயத்துக்கும் ஒரு சான்று உண்டு. 2024 நவம்பர் இறுதியில், எர்ணாகுளம் மாவட்டத்துக் குட்டம்புழா காட்டில், காணாமல் போன மாட்டைத் தேடிச் சென்ற மூன்று பெண்கள் வழி தவறினார்கள். இருட்டில் நடக்காமல், யானைக்கு அஞ்சி ஒரு பாறையின் மேலேயே இரவைக் கழித்தார்கள். மறுநாள் காலை தேடிச் சென்றவர்கள் அவர்களைப் பத்திரமாக அழைத்து வந்தார்கள். யானை இருக்கும் காடு என்பது உண்மைதான். அதனாலேயே கதை முடிந்தது என்று சொல்லிவிட முடியாது.

பதின்மூன்று வயதுச் சிறுமி

தொலைதூர நாடான கொலம்பியாவில் நடந்ததை உங்களில் சிலர் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். 2023 மே 1-ஆம் நாள் சிறிய விமானம் ஒன்று அமேசான் காட்டில் விழுந்தது. அதிலிருந்த பெரியவர்கள் மூவரும் இறந்தார்கள். இறந்தவர்களில் ஒரு தாயும் உண்டு. அவளுடைய நான்கு குழந்தைகள் மட்டும் பிழைத்தார்கள். மூத்தவளுக்கு வயது 13. மற்றவர்களுக்கு 9, 4. கடைசிக் குழந்தைக்குப் பதினொரு மாதம்.

இரண்டு வாரங்கள் கழித்து விமானத்தைக் கண்டுபிடித்தபோது குழந்தைகள் அங்கே இல்லை. சிறு காலடித் தடங்களும், கடித்துப் போட்ட பழமும், குழந்தையின் பால் புட்டியும்தான் கிடைத்தன. அப்போது இரண்டு விதமான பேச்சு எழுந்தது. சிறுத்தையும் பாம்பும் நிறைந்த காட்டில் கைக்குழந்தை எப்படிப் பிழைக்கும் என்றார்கள் சிலர். மறுபுறம், குழந்தைகள் கிடைத்துவிட்டார்கள் என்று மே 17-ஆம் நாள் அந்நாட்டு அதிபரே அறிவித்தார். உறுதியாகாத செய்தி அது என்று மறுநாள் அதைத் திரும்பப் பெற்றார். கெட்ட ஊகம் மட்டுமல்ல, நல்ல ஊகமும் குடும்பத்தை வாட்டும் என்பதற்கு இதுவே சான்று.

தேடுகிறவர்களோ பேச்சைக் கேட்டு நிற்கவில்லை. இராணுவ வீரர்களும் காட்டை அறிந்த பழங்குடி மக்களும் சேர்ந்து தேடினார்கள். "ஒரே இடத்தில் இருங்கள்" என்று பாட்டி தாய்மொழியில் பேசியதைப் பதிவு செய்து ஹெலிகாப்டரிலிருந்து ஒலிபரப்பினார்கள். ஜூன் 9-ஆம் நாள், நாற்பது நாட்களுக்குப் பிறகு, நால்வரும் உயிரோடு கிடைத்தார்கள். விமானத்திலிருந்த மரவள்ளி மாவையும், காட்டுப் பழங்களையும் விதைகளையும் உண்டிருந்தார்கள். எது தின்னத்தக்கது என்பதை மூத்தவள் வீட்டுப் பெரியவர்களிடம் கற்றிருந்தாள். மரவள்ளி நம் மாவட்டத்திலும் விளைகிற பயிர்தானே! கைக்குழந்தையின் முதல் பிறந்தநாள் அக்காட்டுக்குள்ளேயே வந்துபோயிற்று.

ஊகம் செய்யும் கேடு

"நாம் பேசுவதால் என்ன வந்துவிடும்?" என்று கேட்கலாம். 2005 ஜூன் மாதம், அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து மலைக்காட்டில், சாரணர் முகாமுக்கு வந்த 11 வயதுச் சிறுவன் ஒருவன் காணாமல் போனான். அருகில் ஆறு பெருகி ஓடியது. ஆற்றில் விழுந்திருப்பானோ என்ற அச்சம் பலருக்கு. வழி தவறிய குழந்தை சரிவில் கீழ்நோக்கித்தான் நடக்கும் என்பதும் பொதுவான கணிப்பு. அவனோ மலையின் மேல்பக்கம் ஏறிப் போயிருந்தான். நான்கு நாட்களுக்குப் பிறகு, காணாமல் போன இடத்திலிருந்து சுமார் 8 கிலோமீட்டர் தொலைவில் உயிரோடு கிடைத்தான்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. தேடி வந்தவர்களை அவன் வழியில் பார்த்தான், ஆனாலும் ஒளிந்துகொண்டான். முன்பின் அறியாதவர்களோடு பேசாதே என்று வீட்டில் கற்பித்திருந்தார்கள். நல்ல பாடம்தான். ஆனால் அதற்குரிய விலக்கையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்பதைப் பெற்றோர் நினைவில் கொள்வது நல்லது.

ஊகம் தேடுகிறவர்களைத் தவறான திசைக்கு இழுக்கிறது. "இனிப் பயனில்லை" என்ற பேச்சு பரவினால், தேட வந்த இளைஞர்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போகிறார்கள். "பஸ் ஏறிப் போயிருப்பாள்" என்ற ஒரு சொல்லோ, காட்டில் காயத்தோடு கிடக்கும் பெண்ணுக்கு வர வேண்டிய உதவியையே தடுத்துவிடும். அவள் திரும்பி வந்த பிறகும் அச்சொல் அவளைத் தொடரும்.

எல்லோரும் திரும்பி வருவதில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. சில தேடல்கள் துயரத்தில் முடிகின்றன. அப்போதும் அந்தக் குடும்பம் பிற்காலத்தில் நினைத்துப் பார்ப்பது, ஊரார் நமக்காகத் தேடினார்களா, அல்லது பேசிக்கொண்டிருந்தார்களா என்பதைத்தான்.

நாம் செய்ய வேண்டியவை

மாணவியரே, காட்டுப் பக்கமோ மலைப் பக்கமோ போகும்போது, எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று ஒருவரிடமாவது சொல்லிச் செல்லுங்கள். வழி தவறியதாகத் தோன்றினால் உடனே நின்றுவிடுங்கள். நடக்க நடக்கத் தேட வேண்டிய பரப்பு பெரிதாகும். பகலில் நிழலில் அமருங்கள்; துப்பட்டாவையோ தாவணியையோ மேலிருந்தும் தெரியும்படி விரித்து வையுங்கள். இரவில் வெறுந்தரையில் படுக்காமல் சருகைப் பரப்பி அதன்மேல் ஒடுங்கி இருங்கள். மும்மூன்று முறையாகக் குரல் கொடுங்கள்; விசில் இருந்தால் இன்னும் நல்லது. தெரியாத காயையும் பழத்தையும் தின்னாதீர்கள். உங்கள் பெயரைச் சொல்லி யாராவது கூவினால் பதில் கொடுங்கள். வீட்டில் திட்டுவார்களே என்று அஞ்சி ஒளிய வேண்டாம்.

பெற்றோரே, ஒரு நாள் போகட்டும் என்று காத்திருக்காதீர்கள். காணாமல் போன குழந்தையைப் பற்றிப் புகார் வந்தால் காவல் துறை வழக்குப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2013 மே 10-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டிருக்கிறது. அவசர உதவிக்கு 112, குழந்தைகளுக்கான உதவிக்கு 1098 ஆகிய எண்கள் உள்ளன. காட்டுப் பகுதியாக இருந்தால் வனத்துறைக்கும் தெரிவியுங்கள். கடைசியாகப் பார்த்த இடம், நேரம், உடுத்தியிருந்த உடையின் நிறம் ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். அந்த இடத்தைக் கூட்டமாக மிதித்துக் காலடித் தடத்தை அழிக்க விடாதீர்கள். துவைக்காத துணி ஒன்றைத் தனியே எடுத்து வைத்தால் மோப்ப நாய்க்கு உதவும்.

மற்றவர்களாகிய நமக்கு ஒரே கடமைதான். கண்ணால் கண்டதை உரியவரிடம் சொல்வோம். காணாததைச் சொல்லாமல் இருப்போம். கால் உள்ளவர்கள் தேடப் போகட்டும். போக முடியாதவர்கள் அந்தத் தாயின் பக்கத்தில் போய் உட்காரட்டும்.

தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு, தவறிப் போன ஒன்றைத் தேடிச் சென்ற மேய்ப்பனின் கதை நம் எல்லோருக்கும் தெரியும். அது இந்நேரம் உயிரோடிருக்குமா என்று அவன் கணக்குப் பார்த்ததாகக் கதையில் இல்லை. கண்டுபிடிக்கும்வரை தேடினான் என்றுதான் இருக்கிறது.