உடம்பெல்லாம் நாக்கு: கலங்கிய தண்ணீரில் கெளுத்தி இரை தேடுவது எப்படி?

நடுராத்திரி. சேறு கலங்கிய தண்ணீர். கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனாலும், அடியில் பதுங்கியிருக்கும் புழுவைக் கெளுத்தி சரியாகப் பிடித்துவிடும். எப்படி? தோலாலேயே ருசி பார்க்கும் மீன் அது!

நமக்குச் சுவை மொட்டுகள் நாக்கிலும் வாய், தொண்டைப் பகுதிகளிலும்தான் இருக்கின்றன. அதுவும் சில ஆயிரம்தான். கெளுத்திக்கோ மீசை, உதட்டில் தொடங்கி வால் வரை இருக்கின்றன. வட அமெரிக்காவின் ‘சேனல் கெளுத்தி’யில் இந்த எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது.

தூரத்திலிருந்தே ருசி

நமக்குக் காற்றில் வருவது வாசனை, வாயில் படுவது ருசி. தண்ணீருக்குள் இரண்டுமே கரைந்துதான் வருகின்றன. அதனால் தூரத்தில் இருக்கும் இரையின் ருசியும் மீனை வந்தடையும். 1960களில் அமெரிக்காவில் ஜான் பார்டாக் குழுவினர், முகரும் திறனைச் செயலிழக்கச் செய்த கெளுத்திகளைச் சோதித்தார்கள். ருசியை மட்டும் வைத்தே அவை உணவைத் தேடிப் போயின.

இதில் வேலைப் பிரிவினையும் உண்டு. ‘இரை எந்தப் பக்கம்?’ என்று சொல்வது தோலும் மீசையும். ‘முழுங்கலாமா, துப்பிடலாமா?’ என்று முடிவெடுக்க உதவுவது வாய்க்குள் இருக்கும் மொட்டுகள். இரண்டுக்கும் தனித்தனி நரம்பு, மூளையில் தனித்தனிப் பகுதி.

ருசி மட்டும்தானா?

இல்லை. மீனின் இரு பக்கமும் ஓடும் ‘பக்கக் கோடு’ நீரின் அசைவை உணர்கிறது. சின்ன மீன் நீந்திப்போன தடத்தை, சில விநாடிகள் கழித்தும் ஐரோப்பியக் கெளுத்தி இருட்டில் பின்தொடர்கிறது. உயிரினங்களிலிருந்து நீரில் கசியும் மெல்லிய மின்சாரத்தைக்கூடக் கெளுத்திகள் உணர்கின்றன. ஜப்பான் கடல் கெளுத்தி இன்னும் ஒரு படி மேலே. மணலுக்குள் இருக்கும் புழு மூச்சுவிடும்போது நீரின் அமிலத்தன்மை லேசாகக் கூடுமல்லவா, அந்த மாற்றத்தை வைத்தே அது புழுவைக் கண்டுபிடிப்பதாக 2014இல் வெளியான ஆய்வு காட்டியது.

நம்ம வாளித் தண்ணீர்

இவ்வளவு கூர்மையான தோலுக்கு ஒரு பலவீனமும் இருக்கிறது: சுவை மொட்டுகள் எந்த மூடியும் இல்லாமல் தண்ணீரில் நேரடியாகப் படுகின்றன. பார்டாக் குழுவினர் 1965இல் துணி துவைக்கும் டிடர்ஜென்ட்டை வைத்துச் சோதித்தார்கள். 1,000 லிட்டர் தண்ணீரில் அரை கிராம். அதற்கே கெளுத்தியின் சுவை மொட்டுகள் அரித்துப்போயின. நல்ல தண்ணீரில் 6 வாரம் விட்டும் அவை மீளவில்லை.

ஏரியில் மீன்கள் செத்து மிதந்தால் செய்தியாகிறது. ருசி உணர்வு போன மீனோ உயிரோடுதான் நீந்தும். பக்கத்தில் இரை இருந்தும் கண்டுபிடிக்கத் திணறும். அது யார் கண்ணிலும் படாது. மீன் சாகவில்லை என்பதாலேயே ‘தண்ணி நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்லிவிட முடியாது.