குலசேகரன்பட்டினமும் எமது மேற்குக் கடலும்

துருவப் பாதையில் செய்மதிகளை நிலைநிறுத்தச் செல்லும் இந்திய ரொக்கெட்டுகள், பல தசாப்தங்களாக எமது தீவைத் தவிர்த்து வளைந்தே சென்று வருகின்றன. தமிழகத்தின் தென்கோடியில் இந்தியா புதிய ஏவுதளமொன்றை அமைக்க முற்பட்டமைக்கு இதுவே பிரதான காரணமாகும்.

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் (இஸ்ரோ) பிரதான ஏவுதளம் ஆந்திராவின் ஸ்ரீஹரிகோட்டாவில் அமைந்துள்ளது. பூமியை அவதானிக்கும் செய்மதிகள் வடக்குத் தெற்காகத் துருவங்களின் மேலாகச் சுற்றவேண்டியவை. அவற்றை ஏற்றிச் செல்லும் ரொக்கெட் தெற்கு நோக்கிப் பறக்கவேண்டும். ஆனால் அங்கிருந்து நேர் தெற்கே பறந்தால் இலங்கை குறுக்கிடுகின்றது. எரிந்து முடிந்த பாகங்கள் மக்கள் வாழும் நிலத்தின்மேல் விழ இடமளிக்க முடியாது. ஆகவே ரொக்கெட்டை முதலில் தென்கிழக்காகச் செலுத்தி, தீவைக் கடந்த பின்னர் தென்மேற்காகத் திருப்புகின்றனர்.

இத்திருப்பத்துக்கு எரிபொருள் செலவாகின்றது. சுமார் 320 தொன் எடையுள்ள பி.எஸ்.எல்.வி. இந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளும். 120 தொன் அளவிலான எஸ்.எஸ்.எல்.வி. சிறு ரொக்கெட்டினால் அது இயலாது. 500 கிலோகிராம் சுமையைத் தூக்குவதற்கென உருவாக்கப்பட்ட அது, வளைந்து செல்வதற்கே தன் ஆற்றலில் பெரும்பகுதியை இழந்துவிடும்.

இதற்கான தீர்வாகவே தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரன்பட்டினம் தெரிவு செய்யப்பட்டது. எம்மவர்க்கு நன்கு பரிச்சயமான காயல்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே உள்ள ஊர் அது. அங்கிருந்து தெற்கே திறந்த சமுத்திரமே உள்ளது. 2,200 ஏக்கருக்கும் அதிகமான நிலப்பரப்பில் அமையும் இத்தளத்துக்கு 2024 பெப்ரவரி 28 இல் பிரதமர் நரேந்திர மோடி அடிக்கல் நாட்டினார். 1963 இல் கேரளாவின் தும்பா என்ற மீனவக் கிராமத்திலிருந்து சிறு ஆய்வு ரொக்கெட்டொன்றை ஏவித் தன் பயணத்தைத் தொடங்கிய நாட்டுக்கு இது நியாயமான அடுத்த படியே. அதனை நாம் குறை கூறவில்லை.

எமது கவலை வேறு. கற்பிட்டியிலிருந்து குலசேகரன்பட்டினம் சுமார் 200 கிலோ மீற்றர் தொலைவிலேயே உள்ளது. இதுவரை எமது கிழக்குக் கடலுக்கு அப்பால் சென்ற பாதை, இத்தளத்தின் வாயிலாக மேற்குப் பக்கத்துக்கும் வருகின்றது. நீர்கொழும்பு, பேருவளை ஆகிய இடங்களின் பலநாள் படகுகள் தொழில் செய்வதும் மேற்கு, தென்மேற்குக் கடல்களிலேயே. ரொக்கெட்டின் பாகங்கள் கடலில் வீழ்வது அபூர்வமான விபத்தன்று. அது திட்டமிட்ட நடைமுறை. 2023 ஜூலையில் மேற்கு அவுஸ்திரேலியக் கரையில் ஒதுங்கிய பெரும் உலோகக் கொள்கலன், பி.எஸ்.எல்.வி. ரொக்கெட்டின் மூன்றாங் கட்டத்துக்குரியதென அந்நாட்டு விண்வெளி முகவரகமே அறிவித்தது.

ஒவ்வோர் ஏவுதலுக்கும் முன்னர் ஆபத்தான கடற்பகுதிகள் அறிவிக்கப்படுவது உண்மையே. எமது கடலும் உள்ளடங்கிய பிராந்தியத்துக்கு அத்தகைய எச்சரிக்கைகளை ஒருங்கிணைப்பது டேராடூனிலுள்ள இந்திய நீரியல் அலுவலகமாகும். அவை ஆங்கிலத்தில், அகலாங்கு நெட்டாங்குகளுடன் வெளியாகின்றன. பெருங்கப்பலின் மாலுமிக்கு அது போதுமானது. மூன்று வாரங்களுக்கெனக் கரையை விட்டுச் செல்லும் படகோட்டிக்கு, புறப்படும் முன்னரே துறைமுகத்தில் தமிழிலும் சிங்களத்திலும் சொல்லப்படவேண்டும்; நடுக்கடலில் இருப்போருக்கு வானொலித் தொடர்பு மூலம் மீண்டும் அறிவிக்கப்படவேண்டும். தொழில் தடைப்படும் நாட்களுக்கும் வலைகளுக்கு நேரும் சேதத்துக்கும் யார் பொறுப்பு என்பதையும் கடற்றொழில் அமைச்சு புதுடில்லியுடன் இப்போதே பேசித் தெளிவுபடுத்திக்கொள்ளவேண்டும்.